குட்டிச் சிபாரிசு

என்னை ஏமாற்றியவர்களில் ஒருத்தனைத் தவிர மற்ற எல்லாரும் குரங்குகள். அந்த ஒருத்தன் என் மனைவியின் தம்பி. குரங்குகள் ஏமாற்றியதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன். அவை ஏமாற்றிய கையோடு வந்து உட்கார்ந்து பேன் பார்த்துவிட்டன.

நான் மிருகக்காட்சிசாலையில் குரங்கு மலையைப் பார்த்துக்கொண்டவன். மலை என்றால் சிமெண்டுக் குன்று. சுற்றிலும் அகழி, அகழியைச் சுற்றி மதில், மதிலுக்கு வெளியே டிக்கெட் வாங்கினவர்கள். மலையில் இருந்தவை மொட்டைவால் குரங்குகள். வால் என்று சொல்லிக்கொள்ள ஒரு கட்டைவிரல் அளவு இருக்கும். கன்னத்தில் அடர்ந்த தாடி. அவை சும்மா உட்கார்ந்திருந்தாலே நமக்குத் தண்டனை விதிக்கப் போவதுபோல் இருக்கும்.

அங்கே அந்தஸ்து எல்லாம் தாய்வழி. அம்மா எந்தப் படியில் உட்காருகிறாளோ அதற்கு அடுத்த படி மகளுக்கு. அதிலும் கடைக்குட்டி மகள்தான் அக்காக்களைவிட மேலே. சண்டை வந்தால் அம்மா கடைசியாகப் பெற்றதற்குத்தான் முதலில் பரிந்துகொண்டு வருவாள் என்பதால் அக்காக்கள் ஒதுங்கிவிடும். ஆண்பிள்ளை என்றால் வயசு வந்ததும் வேறு கூட்டத்துக்கு மாப்பிள்ளையாகப் போய்விட வேண்டும். போன இடத்தில் வரவேற்பு எல்லாம் கிடையாது, கடிதான். அந்தக் கடியையும் தாங்கிக்கொண்டு, மூலையில் உட்கார்ந்து, யாராவது பேன் பார்க்கக் கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். நானும் பெண்டாட்டி வீட்டில் சில காலம் இருந்தவன், எனக்கு இதெல்லாம் புரியும்.

எங்கள் மலைக்குத் தலைவன் சேர்மன். அவனுக்கு அடுத்தவன் வக்கீல். பேர் வைத்தது நான்தான். வக்கீலுக்கு சேர்மன்மேல் பயம், ஆனால் சேர்மன் பக்கத்தில் உட்காரவும் ஆசை. சும்மா போனால் உதை விழும். அதனால் வக்கீல் என்ன செய்வான் தெரியுமா? எவளாவது ஒருத்தியின் குட்டியை இடுப்பிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போவான். சேர்மன் கோபமாக நிமிர்ந்து பார்ப்பான். வக்கீல் குட்டியை நீட்டுவான். அவ்வளவுதான். சேர்மனின் முகம் இளகிவிடும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருத்தரையொருத்தர் பார்த்துக் கடகடவென்று பல்லடிப்பார்கள். இந்தச் சாதியில் பல்லடிப்பதுதான் வணக்கம், மன்னிப்பு, நலம் விசாரிப்பு எல்லாம். குட்டி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். வேலை முடிந்ததும் வக்கீல் அதை எங்கே எடுத்தானோ அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுவான்.

இதற்கு நான் வைத்த பேர் குட்டிச் சிபாரிசு.

ஒரு தடவை குட்டி எதுவும் கைக்கு வாகாகக் கிடைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை ஒன்று அகழிக்குள் தவறவிட்ட பொம்மையை எடுத்துக்கொண்டு போய்விட்டான் வக்கீல். சேர்மன் வாங்கினான். திருப்பினான். பின்பக்கத்தைப் பரிசோதித்தான், வழக்கமாகச் செய்வதுதான். அங்கே கம்பெனி முத்திரை இருந்தது. வக்கீலை ஓங்கி ஓர் அறை. அதற்கப்புறம் சேர்மன் யார் குட்டியைக் கொண்டுவந்தாலும் முதலில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பொம்மைக்காரப் பிள்ளையின் அப்பாவே நம்பவில்லை.

நாள் முழுக்க அவற்றோடு இருந்தால் நமக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மலையில் யாரையும் நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கக் கூடாது, அது சண்டைக்குக் கூப்பிடுவது. அதனால் வெளியிலும் மரியாதைப்பட்டவர்கள் எதிரே வந்தால் நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு இலேசாகப் பல்லடிப்பேன். முடிதிருத்துகிறவர் எனக்கு முடி வெட்டி முடித்ததும் அவரை அதே நாற்காலியில் உட்காரவைத்து அவர் தலையை நான் பார்ப்பேன். ஒருத்தர் நம் தலையைத் தொட்டால் நாம் அவர் தலையைத் தொட வேண்டும், அதுதான் முறை. முதலில் அவர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு அவரே கண்ணை மூடிக்கொண்டு, "அந்தக் காதுக்குப் பின்னால இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

என் மச்சினனை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். அவனுக்கு மலையில் எப்படி நிற்பது, வாளியை எந்தக் கையில் பிடிப்பது, கொட்டாவி விட்டால் ஏன் குரங்குகள் ஓடுகின்றன, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கொட்டாவி என்றால் கோரைப்பல்லைக் காட்டி மிரட்டுவது என்று அர்த்தம். அவன் வந்த புதிதில் தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விட்டுவிட்டு, மொத்தக் கூட்டமும் தன்னைக் கண்டு நடுங்குவதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஒரு மகள். கருப்பாய்ச் சின்னதாய்க் காரமாய் இருந்ததால் மிளகு என்று கூப்பிட்டோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மிளகு வந்தால் எங்கள் வீட்டில் நாற்காலிகள் எல்லாம் இடம் மாறிவிடும், என் மனைவியின் முகமும் மாறிவிடும். மச்சினன் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். "மாமாகிட்ட போறியா?" என்பான். அவள் தாவுவாள். என் சட்டைக் காலரைப் பிடித்துச் சப்புவாள். நான் அவளைப் பார்த்துப் பல்லடிப்பேன். அவளும் இருக்கிற பற்களை வைத்துக்கொண்டு பதிலுக்கு அடிப்பாள்.

இப்படி இருக்கையில் எங்கள் பெரிய கீப்பர் ஓய்வுபெற்றார். புதிதாக ஓர் இயக்குநர் அம்மாவும் வந்து சேர்ந்தார். வந்ததும் ஓர் உத்தரவு போட்டார். மலைக்கு இனிமேல் ஒரே ஒரு கீப்பர், அவர்தான் பொறுப்பு. மற்றவர் வேறு பகுதிக்கு மாற்றம். மலையில் இருந்தது நாங்கள் இரண்டே பேர். அதாவது நான் அல்லது மச்சினன்.

எனக்குப் பதவியெல்லாம் பொருட்டில்லை. மலையை விட்டுப் போகச் சொன்னால் எங்கே போவேன்? சேர்மனுக்குக் கடைவாய்ப் பல் விழுந்த பிறகு நான்தான் பழத்தை நசுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா என்று ஒரு கிழவி இருந்தாள், காலையில் என் செருப்புச் சத்தம் கேட்காமல் கூண்டறையை விட்டு வெளியே வரமாட்டாள். ஒரு தடவை நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அவள் பட்டினி கிடந்ததாகச் சொன்னார்கள். அவள் கன்னப்பையில் ஒரு வாரத்துக்குச் சாப்பாடு வைத்திருப்பாள் என்பது வேறு விஷயம்.

"கவலைப்படாதீங்க அத்தான்" என்றான் மச்சினன். "உங்களைத் தவிர வேற யாரு? நான் பாட்டுக்கு ஒட்டகத்துக்கிட்ட போய்க்கிறேன்."

"ஒட்டகம் துப்பும்டா."

"துப்பினா துடைச்சுக்கிறேன். நீங்க மலையில இருங்க."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த உருக்கத்தில்தான் என் யோசனையை அவனிடம் சொன்னேன். வெளியூரிலிருந்து ஓர் ஆண்குரங்கு வந்து ஓரக்கூண்டில் காத்திருந்தது. புதுமாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தேன். அதைக் கூட்டத்தில் சேர்ப்பதுதான் அம்மாவுக்குக் காட்ட வேண்டிய முதல் வேலை. கதவைத் திறந்துவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவார்கள். என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"கதவைத் திறக்கவே கூடாது" என்றேன். "கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கூட்டம் இருக்கட்டும். வக்கீலுக்கு அந்தப் புதுசப் பாத்தா உதறல். உதறல் எடுத்தா அவன் என்ன செய்வான்?"

"குட்டியைத் தூக்குவான்."

"தூக்கிக்கிட்டு வலைக்குப் பக்கத்துல போவான். ரெண்டு பேரும் வலை வழியா குட்டியத் தொட்டுப் பல்லடிச்சாங்கன்னு வை, அதுக்கப்புறம் கதவு திறந்தா ஒண்ணும் ஆகாது. அதுவரைக்கும் நாம வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"குட்டிச் சிபாரிசு" என்றான் மச்சினன், மெதுவாக, எதையோ வாயில் போட்டு ருசி பார்ப்பதுபோல.

"அதேதான்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தான்" என்றான். "திருடிடுவாங்க."

அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பிய அன்று அவன்தான் என் சட்டைக் காலரைச் சரி செய்தான். "அம்மா குரங்குலயே பெரிய படிப்பு படிச்சவங்க. நீங்க மலையில எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. அதுதான் அவங்களுக்குப் பிடிக்கும்."

நான் அப்படியே இருந்தேன். அறைக்குள் போனதும் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்சம் குனிந்து, கடகடவென்று பல்லடித்தேன். நல்ல, நீளமான, முழு மரியாதையான பல்லடிப்பு. சேர்மனுக்குக்கூட நான் அவ்வளவு நேரம் அடித்ததில்லை.

அம்மா மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். "குளிருதா?"

"இல்லீங்க மேடம்."

"பின்ன?"

"மரியாதைங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்களப் பத்தி ஏற்கனவே சொன்னாங்க" என்றார் கனிவாக. அந்தக் கனிவு எனக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரல் அது. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் படங்கள். கொக்கு, ஆந்தை, மீன்கொத்தி. அவர் படித்தது பறவை.

யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற பெரிய கீப்பர் நல்லவிதமாக ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மச்சினன் வாசலில் நின்றான். "எப்படிப் போச்சு?" என்றான்.

"நல்லா அடிச்சேன்" என்றேன்.

புதுமாப்பிள்ளையைச் சேர்க்கிற காலையில் அம்மா, அலுவலகத்து ஆட்கள், பக்கத்துப் பகுதிக் கீப்பர்கள் எல்லாரும் மதிலோரம் நின்றார்கள். நான் வாளியோடு போனேன். அம்மா, "நீங்க இங்க நில்லுங்க" என்று தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கீழே ஓரக்கூண்டுக்குப் பக்கத்தில் மச்சினன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டான். அதன்மேல் உட்கார்ந்தான்.

நான் உட்கார நினைத்திருந்த அதே கோணத்தில்.

மலை சும்மா இருந்தது. பிறகு வக்கீலுக்கு உதறல் எடுத்தது. ஒரு குட்டியை உருவினான். வலைப்பக்கம் போனான், திரும்பினான், மறுபடி போனான். புதுமாப்பிள்ளை வலைக்குள் விரல் விட்டுக் குட்டியின் காலைத் தொட்டது. இரண்டு பக்கமும் பல் கடகடத்தது. மச்சினன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான். ஒரு கீறல்கூட இல்லை. மதிலோரம் எல்லாரும் கை தட்டினார்கள். அடக்க முடியாமல் நானும் தட்டிவிட்டேன். வேலை அவ்வளவு சுத்தம்.

மச்சினன் மேலே வந்தான். அம்மா கேட்டார்: "இதுக்கு என்னவோ ஒரு பேர் சொன்னீங்களே?"

"குட்டிச் சிபாரிசு மேடம்."

"அழகான பேரு. நீங்களே வெச்சதா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தான். "ஆமா மேடம்."

சேர்மன் சின்னக் குரங்கின் வாயைத் திறந்து கன்னப்பையில் இருப்பதை எடுத்துத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதை எல்லாருக்கும் முன்னால்தான் செய்வான். எடுத்துத் தின்றுவிட்டு, இது என் கன்னத்தில் விளைந்தது என்று எவரிடமும் சொன்னதில்லை.

அம்மா என் தோளைத் தொட்டார். "நீங்க ரொம்ப வருஷம் உழைச்சிட்டீங்க. உங்க மச்சான் எல்லாம் சொன்னார். குரங்குங்களோடயே இருந்து இருந்து மனசு கொஞ்சம்... கண்ணப் பாக்கறதில்ல, பல்லாட்டுறீங்க, முடிவெட்டுறவர் தலையில பேன் பாக்கறீங்களாமே. ஆமைப் பகுதி அமைதியா இருக்கும். அங்க கொஞ்ச நாள் இருங்க."

நான் வாளியைக் கீழே வைத்தேன். என்னுடையது நிமிர்ந்தபடியே இருந்தது.

அன்று சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். இடுப்பில் மிளகு. அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாகிவிட்டாள். அவன் நடக்க நடக்க அவள் காலணி அவன் முழங்காலில் இடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

"மாமாகிட்ட போறியா?"

பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. என் கை தானாக நீண்டுவிட்டது. மிளகு தாவி என் மடியில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குள் இருந்த கோபம் தளர்வதை நானே உணர்ந்தேன். முகம் என்னைக் கேட்காமலே இளகியது. அவளைப் பார்த்து மெதுவாகப் பல்லடித்தேன்.

மிளகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, மாமா சரியாயிட்டாரு. இப்ப எறங்கிடட்டுமா?"

மச்சினன் அவசரமாக, "சும்மா இரு பாப்பா" என்றான்.

"யாரும்மா சொன்னா உன்னை எறங்கச் சொல்லி?" என்றேன்.

"அப்பாதான். மாமா பல்லக் காட்டுறவரைக்கும் மடியிலயே இருக்கணும். காட்டிட்டா எறங்கி விளையாடப் போலாம்."

"இன்னைக்கு மட்டுமா?"

"எப்பவும்தான்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

நான் மனதுக்குள் பின்னோக்கிப் போனேன். மச்சினன் என் சைக்கிளை இரவல் வாங்கிப் போய்ச் சக்கரத்தை வளைத்துக் கொண்டுவந்த அன்று மிளகு வந்தாள். என் விடுப்பைத் தன் பேரில் எழுதி எடுத்துக்கொண்டபோது வந்தாள். தன் தவறுக்கு என்னைப் பெரிய கீப்பரிடம் திட்டு வாங்கவைத்த அன்று, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். சும்மா வந்த நாள் ஒன்றாவது இருக்கும் என்று தேடினேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது அவள் வரவேயில்லை. அந்தச் சமயத்தில் மச்சினன் ஒரு தப்பும் செய்திருக்கவில்லை.

என் மனைவி டீயோடு வந்து நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நாள் பூரா அந்தக் குரங்குங்க இதைத்தானே செய்யுதுன்னு நீங்கதானே வந்து வந்து சொல்வீங்க. தெரிஞ்சேதான் வாங்கிக்கிறீங்க, பெரிய மனசுன்னு..."

"ஆமைப் பகுதி?"

அவள் டீயை மேசையில் வைத்தாள். "பிள்ளை குட்டி உள்ளவன், அவனுக்கு ஒரு நிலையான இடம் வேணும்னான். நான் என்னத்தச் சொல்ல?"

நான் மிளகைத் தரையில் இறக்கிவிட்டேன். மச்சினன் உடனே குனிந்து அவளைத் தூக்கப் போனான்.

"விடுடா" என்றேன். "வெறுங்கையோட நின்னு பேசு."

அவன் நிமிர்ந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கால்சட்டைப் பையில் விட்டான், எடுத்தான். இவ்வளவு காலத்தில் என் முன்னால் அவன் ஒரு தடவைகூடக் குட்டியில்லாமல் மன்னிப்புக் கேட்டதில்லை, பாவம், அவனுக்கு அது எப்படிச் செய்வதென்றே தெரிந்திருக்கவில்லை.

கடைசியில், "ஆமைகிட்ட வெயில் அவ்வளவா அடிக்காது அத்தான்" என்றான். "உங்க முழங்காலுக்கு நல்லது."

மகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போனான். டீயை யாரும் குடிக்கவில்லை.

ஆமைப் பகுதி அமைதியானதுதான். ஆமைக்கு அந்தஸ்தும் கிடையாது, உறவும் கிடையாது. முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டு நடையைக் கட்டிவிடும். பிள்ளை வெளியே வந்து எதிரே நின்றாலும் யாரோ என்று தாண்டிப் போகும். ஒன்றையொன்று ஏமாற்றவும் அவற்றுக்கு நேரமில்லை, ஒரு கீரைத்தண்டை நோக்கிக் கிளம்பினால் அதிலேயே காலை முடிந்துவிடுகிறது. மலையிலிருந்து சத்தம் மட்டும் காற்றில் வரும். பெரியம்மா சாப்பிடுகிறாளா என்று விசாரித்தேன். நன்றாகச் சாப்பிடுகிறாளாம். மச்சினனின் செருப்புச் சத்தத்துக்கே வெளியே வந்துவிடுகிறாளாம்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மிளகு வந்தாள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு தனியாக வந்தாள். தடுப்புச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு பெரிய ஆமையைப் பார்த்தாள்.

"மாமா, இது செத்துப்போச்சா?"

"இல்ல. எந்தக் காலை முதல்ல எடுத்து வைக்கிறதுன்னு யோசிக்குது."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டேன்.

"யாரு அனுப்புனா உன்னை?"

"யாருமில்ல."

"அப்பா என்ன பண்ணிட்டாரு?"

"ஒண்ணும் பண்ணல. நான்தான் வந்தேன்." பெஞ்சைக் காட்டினாள். "உக்காரட்டுமா?"

"உக்காரு" என்றேன்.

அவள் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். ஏதேதோ பேசினாள், பள்ளிக்கூடம், டீச்சர், யாரோ ஒருத்தி இவள் ரப்பரை எடுத்துக்கொண்டு கொடுக்காதது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் வந்த பாதையின் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் பேசி முடித்து, எழுந்து, பையை மாட்டிக்கொண்டு போகிறவரைக்கும். யாரும் வரவில்லை.